ஹப் மோட்டார் சில்லைக் கழற்றிப் பூட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சாதாரண சைக்கிளில் பின் சில்லு காற்று இறங்கினால் பஞ்சர் கடை நானா பேச்சுவாக்கிலேயே இரண்டு நட்டையும் தளர்த்திச் சில்லைக் கையில் எடுத்துவிடுவார். அதே நானா, நடுக் குடத்துக்குள்ளேயே மின்மோட்டார் (ஹப் மோட்டார்) வைத்த சில்லைப் பார்த்ததும் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. சில்லு கழற்றத் தெரியாமல் அவர் தயங்கவில்லை. அச்சுக்குள்ளிருந்து வரும் வயரை அறுத்துவிட்டால் யார் காசு கட்டுவது என்பதுதான் அவருடைய கவலை. இலங்கையில் 2022 எரிபொருள் நெருக்கடியின்போது பலர் பழைய இரும்புச் சைக்கிள்களைத் தூசு தட்டி எடுத்தார்கள். அப்படிப்பட்ட சைக்கிளுக்கு மோட்டார் கிட் பூட்டியவர்களுக்கும், மோட்டாரோடு வந்த சைக்கிளை வாங்கியவர்களுக்கும் இந்த வேலை ஒருநாள் வந்தே தீரும். முதல் தடவை ஒரு மணித்தியாலம் பிடிக்கும், பழகிவிட்டால் இருபது நிமிடம்.

கழற்றத்தான் வேண்டுமா?

வெறும் பஞ்சர் என்றால் சில்லைக் கழற்ற வேண்டியதில்லை. டயரின் ஒரு பக்கத்தை மட்டும், ஓட்டை இருக்கும் இடத்தை ஒட்டி ஒன்றரை அடி அளவுக்கு ரிம்முக்கு வெளியே நெம்பி எடுங்கள். செயின் இல்லாத பக்கமாகச் செய்தால் கை அழுக்காகாது. டியூபை அந்த வாய் வழியாக இழுத்து, அங்கேயே தேய்த்து, பசை தடவி, பசையின் பளபளப்பு மங்கும்வரை நாலைந்து நிமிடம் விட்டு ஒட்டைப் பதியுங்கள். பிறகு டயரின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். குத்திய ஆணியோ கண்ணாடித் துண்டோ இன்னும் அங்கேயே இருந்தால் நாளைக்கும் இதே வேலைதான். பஞ்சர் கடையிலும் இப்படிச் சொல்லலாம்: “நானா, சில்லைக் கழட்ட வேணாம், டியூபை மட்டும் வெளிய எடுத்து ஒட்டுங்க.” அதைக் கேட்டதும் அவர் முகமே மாறும்.

டியூப் மாற்றும்போது, டயர் மாற்றும்போது, ஸ்போக்ஸ் கம்பி உடைந்தால், ஃப்ரீவீலை (செயின் ஓடும் பின் பல்சக்கரத்தை) கழற்ற வேண்டுமென்றால், மோட்டாருக்குள்ளேயே பழுது என்றால் சில்லைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. வால்வின் அடியில் கிழிந்த டியூபில் ஒட்டு நிற்காது, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அச்சு ஏன் முக்கியம்

சாதாரண சில்லில் அச்சுக்கு ஒரே வேலை, பாரத்தைத் தாங்குவது. ஹப் மோட்டாரில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. மோட்டார் சில்லை முன்னோக்கித் தள்ளும்போது, அதே விசை அச்சைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கிறது. அச்சு திரும்பாமல் நின்றால்தான் சில்லு சுற்றும். அதனால்தான் இந்த அச்சு முழு உருளையாக இருப்பதில்லை. இரு பக்கமும் சீவி, பொதுவாக 10 மி.மீ. அகலத்துக்குத் தட்டையாக்கியிருப்பார்கள். ஃபிரேமில் அச்சு உட்காரும் பிளவின் இரு சுவர்களும் அந்தத் தட்டைப் பக்கங்களைக் கவ்விப் பிடிக்கின்றன.

மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது என்று வையுங்கள். இவ்வளவு சின்ன அச்சில் அது பிளவின் விளிம்பை அழுத்தும்போது பல நூறு கிலோ பாரத்துக்குச் சமமாகிறது. நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் அச்சு ஒரு மயிரிழை முன்னும் பின்னும் ஆடும், ஆட ஆடப் பிளவின் வாய் விரியும், ஒருநாள் சிக்னலில் வேகமாக எடுக்கும்போது அச்சு முழுச் சுற்றாகச் சுழன்றுவிடும். சுழலும் அச்சோடு வயரும் முறுகி அறுந்துபோகும். பெரிய பழுதுகளில் பல இந்த வழியில் வந்தவைதான். இதைத் தடுக்க மூன்று பொருட்கள் இருக்கின்றன: சரியாக முறுக்கிய நட்டு, பல் வைத்த வாஷர், அச்சைக் கவ்வி ஃபிரேமோடு பிணைக்கும் டோர்க் ஆர்ம் என்ற இரும்புத் தகடு. கழற்றும்போது இந்த மூன்றும் எப்படி இருந்தன என்பதை மறந்தவர் திரும்பப் பூட்டும்போது தவறு செய்வார்.

கையில் இருக்க வேண்டியவை

அச்சு 12 மி.மீ. என்றால் நட்டுக்குப் பெரும்பாலும் 18 மி.மீ. ஸ்பனர் பொருந்தும், சில கிட்களில் 19. பெரிய மோட்டார்களின் 14 மி.மீ. அச்சுக்கு 21 அல்லது 22 தேவைப்படும். வாங்கப் போகுமுன் நட்டின் எதிரெதிர்த் தட்டைகளுக்கு இடையே அளந்துகொள்ளுங்கள். வளைய வாய் ஸ்பனர்தான் நல்லது. திருகி அளவு மாற்றும் ஸ்பனரும் குறட்டும் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும், மழுங்கிய நட்டைக் கழற்றுவது தனிப் போராட்டம். வயர் அச்சின் நுனி வழியாக வெளியே வரும் மோட்டார்களில் சொக்கெட் போட முடியாது, வயர் குறுக்கே நிற்கும். வளைய ஸ்பனர் என்றால் கனெக்டரைப் பிரித்த பிறகு வயரில் கோத்து நட்டுவரை கொண்டுபோகலாம்.

இவை தவிர 4, 5, 6 மி.மீ. அலன் சாவிகள், வயர் வெட்டும் குறடு, புதிய கேபிள் டை பத்து, டயர் நெம்புகோல் இரண்டு அல்லது மூன்று, பழைய துணி, துரு இளக்கும் எண்ணெய், மடித்த கார்ட்போர்ட் துண்டு ஒன்று. முறுக்கு அளக்கும் ஸ்பனர் இருந்தால் மிக நல்லது. கொழும்பில் ஸ்பனர் வகைகளுக்குப் பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகள், கனெக்டர், வயர் வகைகளுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. பழைய நட்டையோ கனெக்டரையோ கையோடு கொண்டுபோங்கள், அல்லது பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுத்த படத்தைக் காட்டுங்கள். வாயால் விவரித்து வாங்கினால் இரண்டு தடவை போக வேண்டிவரும்.

மின்சாரம்

முதலில் டிஸ்பிளேயை அணைத்துவிட்டுப் பற்றரியைக் கழற்றி அப்பால் வையுங்கள். “ஓஃப் பண்ணிட்டேன்தானே” என்பது போதாது. 36 வோல்ட் பற்றரி முழுச் சார்ஜில் 42 வோல்ட், 48 வோல்ட் பற்றரி 54.6 வோல்ட். உயிர்ப் பயம் பெரிதில்லை. ஆனால் ஒரு ஸ்பனர் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் தொட்டால் உலோகம் உருகித் தெறிக்கும், கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. பற்றரியை எடுத்தால் சைக்கிளின் பாரமும் குறையும், அடுத்துத் தூக்கிப் புரட்டும்போது அதன் அருமை தெரியும்.

பற்றரியை எடுத்த பிறகும் கொன்ட்ரோலருக்குள் (மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டிக்குள்) இருக்கும் கெபாசிட்டர்களில் சார்ஜ் கொஞ்ச நேரம் தங்கும். டிஸ்பிளே பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் அது வடிந்துவிடும். இதைச் செய்யாமல் தடித்த வயர்களைப் பிரித்தால் ஒரு சின்னப் பொறி பறக்கலாம், கனெக்டர் முனை கருகலாம்.

வயரைப் பிரிப்பது

வேறெதையும் தொடுமுன் போனை எடுத்து இரு பக்கமும் நெருக்கமாகப் படம் எடுங்கள். வயர் எந்த வழியாகப் போகிறது, வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன, டோர்க் ஆர்ம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். ஐந்தாறு படம் இருந்தால் பின்னால் பெரும் தலையிடி மிச்சம்.

அச்சிலிருந்து வரும் வயரைப் பின்தொடர்ந்தால், ஃபிரேமின் கீழ்க் குழாயை ஒட்டிக் கனெக்டர் கிடக்கும். கேபிள் டைகளை வெட்டும்போது குறட்டின் நுனி வயரின் பக்கம் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கட்டும்.

இரண்டு வகைக் கனெக்டர்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, விரல் தடிப்பில் உருண்டையாக இருக்கும் ஒன்பது முள் நீர்புகாக் கனெக்டர். இரு பாதியிலும் ஒவ்வொரு அம்புக்குறி இருக்கும். இதைத் திருகக் கூடாது. இரு பாதியையும் கனெக்டரின் உடம்பிலேயே பிடித்து நேராக இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே பற்றாசு விட்டுப்போகும். வெகுநாள் பிரிக்காமல் இறுகிப்போயிருந்தால் இடம் வலமாக அசைக்காமல், இரு பக்கமும் துணியால் பற்றிக்கொண்டு மெதுவாக, தொடர்ச்சியாக இழுத்தால் வந்துவிடும். உள்ளே இருக்கும் முட்கள் மிக மெல்லியவை, ஒன்று வளைந்தால் மோட்டார் ஓடாது.

மற்றது மலிவான கிட்களில் வருவது. மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று தடித்த வயர்கள், தனித்தனிக் குழாய் முனைகளுடன் இருக்கும். அவற்றோடு மெல்லிய ஐந்தாறு வயர் சேர்ந்த ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கனெக்டரும் வரும், அது மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று கொன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சருக்கானது. இங்கே ஓர் எச்சரிக்கை: மோட்டாரும் கொன்ட்ரோலரும் வேறு வேறு இடத்தில் வாங்கியவை என்றால் மஞ்சளோடு மஞ்சள் என்ற கணக்குப் பொருந்தாமல் இருக்கலாம். பூட்டியவர் நிறம் மாற்றிக் கொடுத்துத்தான் ஓட வைத்திருப்பார். ஆகவே எது எதோடு இணைந்திருந்தது என்பதைப் படமெடுத்து, ஒவ்வொரு சோடிக்கும் டேப் ஒட்டி எண் போடுங்கள்.

சைக்கிளை நிறுத்துவது

தலைகீழாக நிறுத்துவதுதான் வழக்கம். ஆனால் டிஸ்பிளேயும் த்ரொட்டிலும் (வேகம் கூட்டும் பிடியும்) ஹான்டிலின் மேல்பக்கம் இருக்கின்றன. கீழே இரண்டு மரக்கட்டைகளோ மடித்த சாக்குகளோ வைத்து, ஹான்டில் மட்டும் அதில் தங்கும்படி செய்யுங்கள். டிஸ்பிளேயைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். எண்ணெய் பிரேக் உள்ள சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினால், மேலே எண்ணெய்க் கிண்ணத்தில் இருக்கும் காற்று குழாய்க்குள் இறங்கிப் பிரேக் பஞ்சு மாதிரியாகிவிடலாம். அந்த வகைக்கு சீட்டின் அடியில் கயிறு கட்டி உத்திரத்திலிருந்து தொங்கவிடுவது நல்லது. முடியாவிட்டால் ஃபிரேமை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். வெள்ளவத்தை அடுக்குமாடி பல்கனியில் இரண்டாவது ஆள் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பது எங்கள் ஆலோசனை. பெரிய மோட்டார் வைத்த பின் சில்லு டயரோடு எட்டு, ஒன்பது கிலோ வரை வரும்.

வீ பிரேக் என்றால் வளைந்த உலோகக் குழாயை அதன் கொக்கியிலிருந்து விடுவித்துப் பிரேக்கின் கைகளை விரித்துவிடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் ஒன்றும் கழற்ற வேண்டாம், தகடு தானாக வழுக்கி வெளியே வரும். வந்ததும் அந்த இடைவெளியில் கார்ட்போர்ட் துண்டைச் செருகிவிடுங்கள். யாராவது தெரியாமல் பிரேக்கைப் பிடித்தால் இரு பட்டைகளும் நெருங்கி ஒட்டிவிடும், பிறகு தகடு உள்ளே போகாது. கியர் உள்ள சைக்கிளில் செயினை ஆகச் சின்னப் பல்லுக்கு மாற்றிவையுங்கள்.

நட்டும் வாஷரும்

டோர்க் ஆர்ம் ஃபிரேமோடு சேரும் இடத்தில் ஒரு சிறு போல்டோ வளையக் கிளிப்போ இருக்கும். முதலில் அதைத் தளர்த்துங்கள். நட்டின் மேல் ரப்பர் மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இரு நட்டும் சாதாரண மரைதான். அந்தந்தப் பக்கத்தை நேராகப் பார்த்து நின்றால் இடஞ்சுழியாகத் திருப்பினால் கழரும். பெடலைப் போல ஒரு பக்கம் எதிர் மரை என்று நினைத்து, கழற்றுவதற்குப் பதிலாக முறுக்கியே மரையை நாசமாக்கியவர்களும் இருக்கிறார்கள்.

மரைன் டிரைவ் பக்கம் வீடு, கடலைப் பார்த்த பல்கனி, தினமும் சைக்கிள் வெளியே நிற்கிறது என்றால் நட்டு துருப்பிடித்து இறுகியிருக்கும். உப்புக்காற்று இரண்டே பருவத்தில் அந்த வேலையைச் செய்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை நட்டும் அச்சும் சேரும் இடத்தில் விட்டுப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். ஸ்பிரே என்றால் டிஸ்க் தகட்டைத் துணியால் மூடிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஒரு துளி எண்ணெய் பட்டாலும் பிரேக் பட்டை கெட்டு, பிடிக்கும்போதெல்லாம் கீச்சிடும். அசையாத நட்டை வெடுக்கென்று இழுக்காமல் முதலில் இறுகும் பக்கமாக ஒரு துளி அசைத்து, பிறகு கழரும் பக்கமாகத் திருப்பினால் துரு உடைந்து இளகும். வயர் வரும் பக்கத்தில் ஸ்பனர் வழுக்கினால் முதல் அடி வயர்மேல்தான் விழும். அந்தப் பக்கம் பலத்தைக் காட்ட வேண்டாம்.

நட்டை முழுதாகக் கழற்ற வேண்டியதில்லை. வாஷரின் பல் பிளவிலிருந்து வெளியே வரும் அளவுக்கு, நாலைந்து சுற்றுத் தளர்த்தினால் போதும். வயர் பக்கத்து நட்டும் வாஷர்களும் வயரிலேயே கோர்த்தபடி கிடக்கட்டும். மற்றப் பக்கத்தில் முழுதாக எடுத்தால், எடுத்த வரிசையிலேயே ஒரு கேபிள் டையில் கோர்த்து முடிச்சுப் போடுங்கள். ஃபிரேமுக்கு உட்பக்கம், மோட்டாருக்கும் பிளவுக்கும் நடுவே மெல்லிய வாஷர் ஒன்று ஒளிந்திருக்கும். டிஸ்க் தகடு நடுவில் நிற்பதே அதனால்தான். அது உருண்டு வடிகானில் விழுந்தால் புதிதாகப் பூட்டும்போது தகடு உரசும், காரணம் என்னவென்று அரை நாள் தேட வேண்டிவரும்.

வெளியே எடுப்பது

செயினைப் பல்லிலிருந்து விலக்கி, சில்லின் இரு பக்கமும் பிடித்து நேராகத் தூக்குங்கள். பிளவு இறுக்கமாக இருந்தால் சில்லை இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் தட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். அச்சின் மரையில் சுத்தியலால் அடிக்கக் கூடாது.

பழைய ஒற்றைப் பல் சைக்கிளில் கிட் பூட்டியிருந்தால் இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பின் ஹப் மோட்டார்கள் பெரும்பாலும் 135 மி.மீ. இடைவெளிக்குச் செய்யப்பட்டவை. பழைய ஃபிரேமின் இடைவெளி அதைவிடக் குறைவு, பூட்டியவர் விரித்துத்தான் பூட்டியிருப்பார். சில்லு வெளியே வந்ததும் ஃபிரேமின் இரு கைகளும் பழைய இடத்துக்கு ஒடுங்கிவிடும். திரும்பப் பூட்டும்போது ஒருவர் விரித்துப் பிடிக்க, மற்றவர் சில்லை இறக்க வேண்டும். இரும்பு ஃபிரேம் இதைப் பொறுக்கும். அலுமினியம் பொறுக்காது, வெடிக்கும்.

வெளியே எடுத்த சில்லை வயர் இருக்கும் பக்கம் மேலே பார்க்க வையுங்கள். அச்சின் நுனியில் நிறுத்தினால் வயர்தான் முதலில் நசுங்கும்.

இப்போது கிடைத்த வாய்ப்பை விட வேண்டாம். ஃபிரேமின் பிளவைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். வாய் விரிந்திருக்கிறதா, மூலையில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா? அச்சின் தட்டை விளிம்பு மழுங்கி உருண்டிருக்கிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அச்சு ஏற்கெனவே ஆடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அச்சைச் சுற்றித் துருநிற நீர்க்கறை இருந்தால் மோட்டாருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. 26 அங்குலச் சில்லில் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. மழை வெள்ளத்தில் முழங்கால் தண்ணீருக்குள் ஓட்டினால் அச்சு முழுக்க மூழ்கிவிடும், வயர் நுழையும் துவாரம் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். ஹப் மோட்டார் மழையைத் தாங்கும், முக்குளிப்பைத் தாங்காது.

டியூபும் டயரும்

இந்தப் பகுதி சாதாரண சைக்கிளைப் போலத்தான். ஒரே வித்தியாசம், பாரம் கூடிய சில்லில் காற்றுக் குறைந்தால் குழியில் இறங்கும்போது ரிம் டியூபைக் கடித்துவிடும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்தின் மேல் எல்லையை ஒட்டி அடியுங்கள். டயருக்குச் சுழலும் திசை அம்பு இருந்தால் இப்போதே கவனியுங்கள். டயரைத் தலைமாற்றிப் போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்வதைப் போல் எரிச்சல் வேறில்லை.

திரும்பப் பூட்டுவது

கழற்றியதைத் தலைகீழ் வரிசையில் செய்தால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மைதான். கழற்றும்போது விட்ட தவறு நேரத்தை மட்டும் தின்னும், பூட்டும்போது விடும் தவறு மோட்டாரையே தின்னும்.

உட்பக்க வாஷரை அச்சில் போட்டு, செயினைச் சின்னப் பல்லில் மாட்டி, டிஸ்க் தகடு பட்டைகளுக்கு நடுவே போகிறதா என்று பார்த்துக்கொண்டே சில்லை இறக்குங்கள். வயர் வெளிவரும் துவாரம் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ பார்க்கட்டும். மேலே பார்த்தால் மழைநீர் வயர் வழியாக ஓடி நேராக மோட்டாருக்குள் இறங்கும். அச்சு பிளவின் அடிவரை போய் உட்கார வேண்டும். தலைகீழாக இருக்கும்போது உட்கார்ந்தது போலத் தெரியும். நட்டை லேசாக முறுக்கியபின் சைக்கிளை நிமிர்த்தி, பாரத்தைச் சில்லின்மேல் அழுத்தி, நட்டை ஒருதரம் தளர்த்தி மீண்டும் முறுக்குங்கள். அச்சு தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும்.

பிறகு பல் வாஷர். அந்தப் பல் பிளவுக்குள் இறங்கியிருக்க வேண்டும். பல் ஃபிரேமின் தட்டையான முகத்தில் ஏறி உட்கார்ந்தபடி நட்டை முறுக்கினால், முறுக்கியது போலவே இருக்கும், ஆனால் வாஷர் சாய்ந்து நிற்கும், நூறு மீட்டரில் தளரும். நாங்கள் பார்த்த பிழைகளில் ஆகப் பொதுவானது இதுதான். அதன்மேல் டோர்க் ஆர்ம், அதன்மேல் தட்டை வாஷர், கடைசியாக நட்டு. உங்கள் படத்தில் வேறு வரிசை இருந்தால், அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வண்டி என்றால், படத்தையே நம்புங்கள்.

முன் சில்லில் மோட்டார் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பல போர்க்குகளின் (முன் சில்லைப் பிடிக்கும் கவைகளின்) பிளவைச் சுற்றி வட்டமான குழி இருக்கும். பெரிய வாஷர் அந்தக் குழியின் விளிம்பில் மட்டும் தங்கி, நட்டை முறுக்கும்போது போர்க்கையே வளைக்கும். குழிக்குள் பொருந்தும் C வடிவ வாஷர் ஒன்று சில கிட்களோடு வரும், அது முதலில் போக வேண்டும். முன் பிளவு கீழ்நோக்கித் திறந்திருப்பதால் நட்டு தளர்ந்தால் சில்லு கழன்றே விழும். அலுமினியப் போர்க்கில் டோர்க் ஆர்ம் இல்லாமல் முன் மோட்டாரை ஓட்ட வேண்டாம், 250 வாட் என்றாலும்.

நட்டுகளை ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். ரிம் இரு பக்கமும் ஃபிரேமிலிருந்து ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். இறுதி இறுக்கம் உற்பத்தியாளர் சொன்ன அளவு. அது கிடைக்காவிட்டால் 12 மி.மீ. அச்சுக்கு ஏறக்குறைய 40 நியூட்டன் மீட்டர். முறுக்கு அளக்கும் ஸ்பனர் இல்லையா? 25 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பனரின் நுனியில் 16 கிலோ பாரம் தொங்கும் அளவுக்குத் தள்ளினால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். ஸ்பனரில் ஏறி நின்று மிதிப்பவர்கள் மரையை அறுக்கிறார்கள். வெற்றுக் கையால் “இறுகிட்டுது” என்று விடுபவர்கள் அச்சைச் சுழல விடுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது பற்றரிக்கு மின்சாரம் திருப்பும் வசதி இருந்தால் அச்சின்மேல் விசை இரு திசையிலும் மாறி மாறி வரும். அதற்கு இரு பக்கமும் டோர்க் ஆர்ம் போடுவதே முறை.

டோர்க் ஆர்மின் போல்டை மறக்காமல் முறுக்குங்கள். அது ஆடினால், இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

கனெக்டருக்கு வருவோம். அம்புக்கு நேர் அம்பு வைத்து நேராகத் தள்ளுங்கள். ஒரு பாதியில் சிறு கோடு அல்லது விளிம்பு இருக்கும், மற்றப் பாதி அதைத் தொடும்வரை போக வேண்டும். இரண்டு மி.மீ. வெளியே நின்றாலும் மழையன்று தண்ணீர் புகும். முள் வளைந்திருந்தால் பலவந்தமாகத் தள்ளாமல் சிறு ஊசியால் நிமிர்த்திவிட்டுப் போடுங்கள். வயர் அச்சைவிட்டு வெளியே வந்ததும் முதலில் கீழே ஒரு வளைவாக இறங்கி, பிறகு மேலேறிக் கனெக்டருக்குப் போகட்டும். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், அச்சுக்குள் போகாது. புதிய கேபிள் டைகளால் கட்டுங்கள், ஆனால் கனெக்டரின் இரு பக்கமும் விரல் அகலத் தளர்வு இருக்கட்டும். வயர் செயினிலோ டிஸ்க் தகட்டிலோ உரசாது என்பதைச் சில்லைச் சுழற்றிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஓட்டுமுன்

பிரேக்கை மீண்டும் மாட்டி இரண்டு மூன்று தரம் பிடித்துப் பாருங்கள். இந்த ஒன்றை மறந்துவிட்டுக் காலி வீதிக்கு இறங்குவதைவிட மோட்டார் ஓடாமல் இருப்பது மேல். பிறகு பற்றரியைப் போட்டு, சில்லைத் தரையிலிருந்து தூக்கியபடி ஆகக் குறைந்த வேகத்தில் மோட்டாரை ஓட்டுங்கள். சீராக, ஒரே சத்தத்தோடு சுற்ற வேண்டும். அடுத்து தட்டையான ஒழுங்கையில் இருநூறு மீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு நட்டைத் தொட்டுப் பாருங்கள். 20, 30 கிலோமீற்றருக்குப் பிறகு ஸ்பனர் வைத்து இன்னொரு தரம். வாஷர் புதிதாக அமரும்போது கொஞ்சம் தளர்வது இயல்பு. நட்டிலிருந்து ஃபிரேம்வரை நெயில் பொலிஷால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த தடவை பார்த்ததுமே நகர்ந்திருக்கிறதா என்று தெரியும்.

ஓடவில்லை என்றால்

சில்லு நடுங்குகிறது, உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை: மூன்று தடித்த வயர்களில் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை அல்லது இடம் மாறிவிட்டது. உடனே நிறுத்துங்கள். தொடர்ந்து த்ரொட்டிலை முறுக்கினால் கொன்ட்ரோலர் எரியும்.

டிஸ்பிளேயில் பிழை எண் வருகிறது: பஃபாங் நிறுவன வகைகளில் 08 என்றாலும், கேடி (KT) நிறுவன டிஸ்பிளேக்களில் 03 என்றாலும் ஹால் சென்சர் சமிக்ஞையில் கோளாறு. நூற்றுக்குத் தொண்ணூறு தடவை, இப்போதுதான் சில்லைக் கழற்றிப் பூட்டினீர்கள் என்றால், கனெக்டர் முழுதாகப் போகவில்லை அல்லது ஒரு முள் வளைந்திருக்கிறது. அப்படியில்லை என்றால் மல்டிமீற்றரை எடுங்கள். ஹால் கனெக்டரில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே ஏறக்குறைய 5 வோல்ட் வர வேண்டும். கறுப்புக்கும் மற்ற மூன்று நிறங்களுக்கும் நடுவே, சில்லைக் கையால் மெல்லச் சுற்றும்போது 0, 5 என்று மாறி மாறி வர வேண்டும். ஒன்று மட்டும் மாறாமல் நின்றால் அந்த வயர் அறுந்திருக்கிறது அல்லது அந்தச் சென்சர் செத்துவிட்டது. உள்ளே கியர் வைத்த மோட்டார் என்றால் சில்லைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். முன்னோக்கிச் சுற்றினால் உள்ளே இருக்கும் கிளட்ச் விட்டுக்கொடுக்கும், மோட்டார் அசையாது, நல்ல சென்சரையும் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

கனெக்டரைப் பிரித்த பிறகும் சில்லு கையால் சுற்ற மிகக் கடினமாக, விட்டுவிட்டுத் தடுக்கிறது: தடித்த வயர்களில் இரண்டு எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன. பெரும்பாலும் அச்சின் வாயில், நட்டு நசுக்கிய இடத்தில். அந்த நிலையில் பற்றரியை இணைக்கக் கூடாது. நட்டை மறுபடி தளர்த்தி, வயரின் தோல் எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வெட்டு வெளியே இருந்தால் ஒவ்வொரு வயராகப் பற்றாசு வைத்து, சுருங்கும் குழாய் போட்டுச் சரிசெய்யலாம். அச்சுக்குள்ளே என்றால் மோட்டார் மூடியைத் திறந்து வயரையே மாற்ற வேண்டும். அது தனி வேலை, அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கிவையுங்கள்.